ரீஃபாக்டரிங்: மறுசீரமைப்பா, மறுபகுப்பா?

மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் மென்பொருள் வேலைக்கு இறங்குகிற எங்களுக்கு இது அன்றாடப் பேச்சு. “அந்த மாட்யூலை ரீஃபாக்டர் பண்ணியாச்சு” என்றால், நிரல் செய்கிற வேலை அப்படியேதான் இருக்கிறது, உள்ளே அடுக்கியிருக்கும் விதம்தான் மாறியிருக்கிறது என்று பொருள்.

லத்தீனில் ‘ஃபாக்டர்’ என்றால் செய்பவர். கணக்குப் பாடத்தில் அதுவே காரணி: 12ஐ 3×4 என்று பிரித்து எழுதினாலும் மதிப்பு 12தான். நிரலைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பதை ஃபோர்த் என்ற நிரல்மொழிக்காரர்கள் முன்பே ‘ஃபாக்டரிங்’ என்றார்கள். 1992இல் வில்லியம் ஓப்டைக் இலினாய் பல்கலைக்கழகத்தில் இதையே முனைவர் ஆய்வாக்கினார். 1999இல் மார்ட்டின் ஃபவுலரின் ‘ரீஃபாக்டரிங்’ புத்தகம் வந்த பிறகு சொல் எங்கும் பரவிவிட்டது.

தமிழில் பலரும் ‘மறுசீரமைப்பு’ என்று எழுதுகிறார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது மாநில மறுசீரமைப்பில்தான். அதில் ஆபீஸ் மொழி முதல் தலைநகர் வரை எல்லாமே மாறிப்போனது. ரீஃபாக்டரிங்கில் வெளியே எதுவும் மாறக் கூடாது. அதனால் என் ஓட்டு ‘மறுபகுப்பு’க்கு. ரீஃபாக்டரிங்கில் ஒரு வகையான வெறும் பெயர் மாற்றத்துக்கு அது பொருந்தாதே என்பீர்கள். சரி, ஆங்கிலச் சொல் மட்டும் பொருந்துகிறதா என்ன?

அப்புறம், மறுபகுப்பு அறிதல். ஒரு நிரலின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் வைத்து, எது எங்கே போனது என்று கண்டுபிடிப்பது. எங்கள் வீட்டில் இரண்டு பத்திரங்கள் இருக்கின்றன. ஒன்று மலையாளத்தில், கொல்லம் ஆண்டு போட்டது. மற்றது தமிழில். புரையிடத்தின் (வீட்டு நிலத்தின்) பெயரும் வேறு, எண்ணும் வேறு. இரண்டும் ஒரே நிலம்தான் என்று அப்பா சொன்னது நாலு எல்கையைப் பார்த்துத்தான். கருவிகளும் இப்படித்தான் பார்க்கின்றன. நிரலின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் ‘கிட்’ (Git), கோப்பின் பெயர் மாற்றத்தைக் குறித்து வைப்பதே இல்லை. காணாமல் போன கோப்பும் புதிதாக வந்த கோப்பும் பாதிக்குமேல் ஒத்திருந்தால் அதுதான் இது என்று ஊகித்துக்கொள்கிறது. நிகோலாஸ் சாண்டாலிஸ் குழுவினரின் ரீஃபாக்டரிங்மைனர் என்ற கருவி இன்னும் உள்ளே போகிறது. ஜாவா நிரலை வாக்கியம் வாக்கியமாக ஜோடி சேர்த்து, “வட்டிக் கணக்கில் இருந்த பத்து வரிகள் தனிச் செயற்கூறாகப் பிரிந்துள்ளன” என்பதுபோல் சொல்லிவிடும். வெறும் வரி ஒப்பீட்டில் அதே மாற்றம் இங்கே நீக்கிய பத்து வரி சிவப்பு, அங்கே சேர்த்த பத்து வரி பச்சை, அவ்வளவுதான்.

நான் ஒருமுறை வேறொருவர் செய்த மாற்றத்தைச் சரிபார்க்கையில் அந்தச் சிவப்பு பச்சையைப் பார்த்து, அவர் எழுதிய ‘வெறும் ரீஃபாக்டர்’ என்ற குறிப்பையும் நம்பி, சரி என்று விட்டுவிட்டேன். இடம் மாறிய வரிகளில் ஒன்றில் ‘>’ இருந்த இடத்தில் ‘>=’ வந்திருந்தது. அதாவது ‘கெடுவைத் தாண்டினால்’ என்பது ‘கெடு நாள் வந்தாலே’ என்று ஆகிவிட்டது. கெடு நாளன்றே பணம் கட்டியவர்களுக்கும் அபராதம் விழுந்தது.