வரைபடத்தில் ஏறும் டொர்னேடோக்கள்

இந்த மாதத்தில் மட்டும் அந்த வரைபடம் ஐந்தாம் முறையாக எனக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1950-இல் 201 டொர்னேடோக்கள் (மேகத்திலிருந்து தரைவரை சுழன்றிறங்கும் காற்றுத் தூண்கள்) பதிவாயின, 2004-இல் 1,817 பதிவாயின, ஆகவே அவை ஒன்பது மடங்கு பெருகிவிட்டன என்று அதன் அடியில் தீர்ப்பும் எழுதியிருக்கிறார்கள். எண்கள் சரி, தீர்ப்புதான் தவறு.

அந்தப் பட்டியலில் இருப்பவை வீசிய டொர்னேடோக்கள் அல்ல, யாரோ பார்த்து யாரோ எழுதிவைத்த டொர்னேடோக்கள். 1950-களில் கான்சாஸின் ஆளில்லாக் கோதுமை வயலில் இரண்டு நிமிடம் சுழன்று ஓய்ந்த ஒன்றைப் பதிய எவரும் இல்லை. 1990-களில் நாடெங்கும் டாப்ளர் ரேடார்கள் வந்தபின், மேகத்துக்குள் காற்று சுழல்வது திரையில் தெரிந்ததும் எச்சரிக்கை விடுகிறார்கள்; அது பலித்ததா என்று அறிய அந்த ஊருக்குத் தொலைபேசியில் பேசுகிறார்கள், பிறகு நேரில் போய் முறிந்த மரங்களைப் பார்க்கிறார்கள். ரேடார் டொர்னேடோவை எண்ணித் தருவதில்லை, எங்கே தேடவேண்டும் என்று காட்டுகிறது. தேடினால் கிடைக்கத்தானே செய்யும்? கூடுதலாகக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை டொர்னேடோக்களை வலுவின்படி பூஜ்யம் முதல் ஐந்துவரை வகைப்படுத்தும் புஜிதா அளவுகோலின் பூஜ்ய வகையைச் சேர்ந்த வலுக்குறைந்தவை. அந்த வகையை நீக்கிவிட்டு வரைந்தால், 1950-களின் நடுவிலிருந்து கோடு ஏறத்தாழக் கிடையாகவே ஓடுகிறது.

அந்த வகைப்பாடும் காற்றை அளந்து தருவதன்று, சேதத்தைப் பார்த்துத் தருவது. 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரீனோ அருகே வீசிய டொர்னேடோ நான்கு கிலோமீட்டருக்கும் மேல் அகலமானது. அதில் மணிக்கு 450 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தை நடமாடும் ரேடார் அளந்தது. ஆனால் பெரும்பாலும் திறந்தவெளியில் சென்றதால், பதிவேட்டில் அது மூன்றாம் வகைதான்.

ஆலங்கட்டி மழையின் கதை இன்னும் எளியது. 2010-இல் அமெரிக்காவில் ‘கடும் ஆலங்கட்டி’ என்பதற்கான குறைந்தபட்ச விட்டத்தை முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலமாக உயர்த்தினார்கள். அதைவிடச் சிறியவை அன்றே அந்தக் கணக்கிலிருந்து வெளியேறின.

இதைச் சொன்னதும், “அப்படியானால் எதுவுமே மாறவில்லை” என்று துள்ளுவோரும் உண்டு. அதுவும் தவறு. வலுக்குறைந்தவற்றை ஒதுக்கிவிட்டு ஆராய்ந்தவர்கள், டொர்னேடோ வீசும் நாட்கள் குறைந்து, ஒரே நாளில் பல வீசுவது கூடியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே, தயவுசெய்து, பகிருமுன் அந்தப் படத்தில் பூஜ்ய வகை சேர்ந்திருக்கிறதா, இடையில் கருவியோ வரையறையோ மாறியதா என்று பாருங்கள். அந்த விவரம் இல்லையென்றால் எவருக்கும் அனுப்பாதீர்கள். முக்கியமாக, எனக்கு அனுப்பாதீர்கள்.