மேய்ப்பர்: மேய்த்தலும் மேய்தலும்

கிறிஸ்தவச் சபையை நடத்துபவரைப் பேச்சுவழக்கில் ‘பாஸ்டர்’ என்கிறோம். இலத்தீனில் பிறந்து ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த இச்சொல்லுக்கு, கால்நடைகளை மேய்த்துத் தீனி தருபவர் என்பதே வேர்ப்பொருள். கிரேக்கத்தில் இதற்கு ஈடான சொல் ‘போய்மேன்’. சபைப் பொறுப்பாளரைக் குறிக்கும் பெயராக அது புதிய ஏற்பாட்டில் எபேசியர் 4:11இல் மட்டுமே வருகிறது. எபிரேயத்தில் ‘ரோஏ’ என்பார்கள். பழைய ஏற்பாட்டில் இந்தப் பெயர் உருவகமாக மனிதரைக் குறிக்கும்போது பெரும்பாலும் அரசர்களுக்கும் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர்களுக்கும் உரியது. பாபிலோனின் அம்முராபியும் தன் சட்டத்தொகுப்பின் முன்னுரையில் தன்னை மேய்ப்பன் என்றே அழைத்துக்கொண்டான்.

தமிழில் ‘மேய்’ என்னும் ஒரே அடியிலிருந்து இரண்டு வினைகள் கிளைக்கின்றன. ஆடு மேய்ந்தது என்பது தன்வினை. இடையன் ஆட்டை மேய்த்தான் என்பது பிறவினை. எபிரேய ‘ரஆ’ என்னும் வினையோ இரண்டுக்கும் ஒரே வடிவில் நிற்கிறது. தீர்க்கதரிசி எசேக்கியேலின் நூலில் 34ஆம் அதிகாரத்தின் கூர்மை இந்த இரட்டைப் பொருளில்தான் இருக்கிறது. கி.மு. 597இல் யோயாக்கீன் அரசனோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன ஆசாரியர் குழுவைச் சேர்ந்தவர் எசேக்கியேல். எருசலேம் வீழ்ந்த செய்தி 33ஆம் அதிகாரத்தில் அவரை வந்தடைகிறது. அடுத்த அதிகாரமே, “தங்களையே மேய்க்கிற இஸ்ரவேலின் மேய்ப்பருக்கு ஐயோ” என்று தொடங்குகிறது. கொழுப்பை உண்டார்கள், கம்பளியை உடுத்தினார்கள், கொழுத்ததை அடித்தார்கள், மந்தையை மட்டும் மேய்க்கவில்லை என்பது குற்றச்சாட்டு. மேய்க்க வந்தவன் மேயத் தொடங்கிவிட்டான் என்று தமிழில் நாம் இரண்டு வினைகளால் சொல்வதை எபிரேயம் ஒரே வினையால் சொல்லிவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்தது என்னும் நம் பழமொழிக்கு இதைவிட நெருங்கிய உறவினரை விவிலியத்தில் நான் கண்டதில்லை.

அதே அதிகாரத்தின் 4ஆம் வசனத்தில் இன்னொரு சொல் ஒளிந்திருக்கிறது. மந்தையை அவர்கள் கொடுமையாய் ஆண்டார்கள் என்னும் இடத்தில் வரும் ‘பெரெக்’ என்னும் எபிரேயச் சொல், யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் எகிப்தியர் இஸ்ரவேலரிடம் அடிமை வேலை வாங்கிய விதத்தைச் சொல்லும் அதே சொல். சொந்த இனத்து மேய்ப்பரே பார்வோனாகிவிட்டார்கள் என்பதை அந்த ஒரு சொல்லால் எசேக்கியேல் சொல்லி முடிக்கிறார். மொழிபெயர்ப்பில் இந்த உறவு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இன்னொரு தீர்க்கதரிசியான எரேமியாவின் கண்டனம் இன்னும் நேரடியானது. அயலானிடம் கூலி கொடாமல் வேலை வாங்கி, கேதுரு மரப்பலகை பதித்து, சிவப்புச் சாயம் பூசி அரண்மனை கட்டிய அரசன் யோயாக்கீமை (மேலே சொன்ன யோயாக்கீனின் தகப்பன்) 22ஆம் அதிகாரத்தில் அவர் பெயர் சொல்லியே கேட்கிறார். ஏழைக்கும் எளியவனுக்கும் நியாயம் செய்த உன் தகப்பன் யோசியா நன்றாக வாழவில்லையா, என்னை அறிவது என்பது அதுதானே என்று ஆண்டவர் வினவுகிறார். கடவுளை அறிதல் என்பதற்கு விவிலியம் தரும் விளக்கங்களில் இதைவிடத் தெளிவானது எனக்குத் தெரியவில்லை.

பாஸ்டர் என்பதற்கு உரிய தமிழ்ச்சொல் எது? போதகர் என்பது கற்பிப்பவர் என்னும் பொருள் கொண்ட வடசொல். அது பணியின் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகிறது. ஆயர் அழகிய பழஞ்சொல்; கத்தோலிக்கர் அதைத் தலைமைக் குருவுக்கு வழங்குகிறார்கள்; ஆனால் அது ‘ஆ’ என்னும் பசுவிலிருந்து வந்து முல்லை நிலத்து மக்களின் குலப்பெயராய் நிலைத்தது; அதற்குள் ஒரு வினை இல்லை. மேய்ப்பர் என்பதிலோ செய்யவேண்டிய வேலை பெயருக்குள்ளேயே இருப்பதால், வேலையைச் செய்யாதவரை அந்தப் பெயரே கேள்வி கேட்கும். ஆகவே அதையே நான் தேர்வேன். பேதுருவும் மூப்பர்களிடம் பேசும்போது இந்த வினையைத்தான் பயன்படுத்துகிறார்: இழிவான ஆதாயத்துக்காக அல்ல, இறுமாப்பாய் ஆளுகிறவர்களாகவும் அல்ல, மாதிரிகளாக இருந்து மேய்க்கச் சொல்கிறார்.

சபையின் வரவுசெலவைக் கேட்கும் விசுவாசியிடம், “நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்” என்னும் சங்கீத வசனத்தை எடுத்துக்காட்டி வாயை அடைப்பது இன்று பல இடங்களில் நடக்கிறது. இது வேதனைக்குரியது. 105ஆம் சங்கீதத்தில் அந்த வரி, நிலமின்றி நாடுநாடாய் அலைந்த முற்பிதாக்களைக் காப்பதற்காக அரசர்களிடம் சொல்லப்பட்ட எச்சரிக்கை. எளியவரைக் காக்க வந்த வசனத்தை ஆளுகிறவருக்குக் கேடயமாகப் பிடிப்பது அதன் பொருளைத் தலைகீழாக்குவதாகும். எசேக்கியேலும் எரேமியாவும் கணக்குக் கேட்டதோ அபிஷேகம் பெற்ற அரசர்களிடமே.

எனினும் எசேக்கியேல் மேய்ப்பரோடு நிறுத்தவில்லை. 17ஆம் வசனத்திலிருந்து அவர் மந்தையை நோக்கித் திரும்புகிறார். நல்ல மேய்ச்சலை மேய்ந்துவிட்டு மிஞ்சியதைக் காலால் மிதித்தும், தெளிந்த நீரைக் குடித்துவிட்டு மீதியைக் கலக்கியும், மெலிந்தவற்றை விலாவாலும் தோளாலும் தள்ளியும் கொழுத்த ஆடுகள் அங்கே குற்றக்கூண்டில் நிற்கின்றன; ஆட்டுக்கும் ஆட்டுக்கும் இடையே தாமே நியாயந்தீர்ப்பதாக ஆண்டவர் சொல்கிறார்.