மாஸ்டர் எழுந்துவிட்டது, எந்தக் கணக்கு சரி?

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை என்றாலே கரண்ட் போவதும் வருவதும்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட புயலுக்கு முன்னறிவிப்பு வந்துவிடுகிறது, சர்வரை முறையாக நிறுத்திவிடலாம். டேட்டாபேஸைக் கெடுப்பது பெயரில்லாத சாயங்கால மழை. கரண்ட் போகும், கிழடுதட்டிய யூ.பி.எஸ். பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும், ஜெனரேட்டர் போடுகிற தம்பி டீக்கடையிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் அணைந்திருக்கும்.

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை வட்டாரத்தில் அரிசி ஆலை, ஜவுளிக்கடை, நகை அடகுக் கடை என்று நான் பார்த்துக்கொள்ளும் இடங்களில் பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி என்ற டேட்டாபேஸ் ஓடுகிறது. பில் பதிவாகும் மாஸ்டர் ஒன்று, அதைப் பார்த்துத் தானும் எழுதிக்கொள்ளும் ரெப்ளிகா ஒன்று. "ரெண்டு சர்வர் இருக்கு சார், நமக்கென்ன பயம்?" என்பார்கள் முதலாளிகள். ஒன்று அடியோடு செத்துப்போனால் சமாளித்துவிடலாம். செத்தது எழுந்து வந்து, இரண்டும் வேறு வேறு கணக்குச் சொல்லும்போதுதான் தலைவலி.

மண்டிக் கணக்கு தெரிந்தவருக்கு இது சட்டென்று புரியும். கணக்கு நிற்கும் டேபிள்கள் பேரேடு, ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக எழுதிவைக்கும் பின்லாக் ஃபைல் சிட்டை. மாஸ்டரின் சிட்டையை வரி வரியாக வாங்கித்தான் ரெப்ளிகா தன் பேரேட்டில் ஏற்றுகிறது. 'சிங்க் பின்லாக்' என்ற அமைப்பு 1 ஆக இருந்தால் ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது ஒரு பதிவை உறுதிசெய்யும் ஒவ்வொரு முறையும், சிட்டை டிஸ்க்கில் போய் உட்கார்ந்த பிறகே அடுத்த வேலை. 0 ஆக இருந்தால் ஆபரேட்டிங் சிஸ்டம் நினைத்தபோது எழுதும், அதுவரை மெமரியில் கிடக்கும். மைஎஸ்க்யூஎல் 5.7.7 முதல் தானாகவே 1. நான் பார்க்கும் மரியாடிபி சர்வர்களில் யாரும் மாற்றாவிட்டால் 0. போதாக்குறைக்கு, பில் போடுவது மெதுவாக இருக்கிறது என்று யாராவது ஒருவர் 'வேகமாக்க' 0 போட்டுவிட்டுப் போயிருப்பார்.

இதனால் என்ன ஆகும் என்று அடகுக் கடையில் வைத்துப் பார்ப்போம். மூன்று கவுண்டரில் ரசீது போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 7418 வரை பதிவாகி, ரசீது அச்சாகி, வாடிக்கையாளர் பையில் மடித்து வைத்துக்கொண்டார். ரெப்ளிகா வேறு கட்டடத்தில் வேறு மின் இணைப்பில் இருக்கிறது, அங்கும் 7418 போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த நொடியில் மாஸ்டருக்குக் கரண்ட் போகிறது. அது திரும்ப எழும்போது டேபிள்களைச் சேமிக்கும் எஞ்சினான இன்னோடிபி, மாற்றங்களைக் குறித்து வைத்த தன் ரீடூ லாகைப் படித்து, முடிந்ததை முடித்து, பாதியில் நின்றதை அழித்து ஒழுங்காகவே எழுகிறது. ஆனால் மெமரியில் கிடந்த கடைசித் துண்டு போயே போச்சு. மாஸ்டருக்குத் தெரிந்த கடைசி ரசீது இப்போது 7415. கடை திறந்ததும் அடுத்தவருக்கு 7416 போடும். ஒரே எண்ணில் இரண்டு பேருடைய சங்கிலி.

ரெப்ளிகா இதைச் சொல்லாமல் இல்லை. 1236 என்று பிழை காட்டி நின்றுவிடும். எந்த இடத்திலிருந்து சிட்டையைக் கேட்கிறதோ, அந்த இடம் மாஸ்டரின் பின்லாக் ஃபைலிலேயே கிடையாது, ஃபைல் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இங்கேதான் அவசரக்காரர்கள் கெடுக்கிறார்கள். இணையத்தில் தேடி, அடுத்த பின்லாக் ஃபைலின் தொடக்கத்துக்கு ரெப்ளிகாவைத் திருப்பிவிட்டு 'ஸ்டார்ட்' கொடுத்தால் ரெப்ளிகேஷன் ஓடுகிறது என்று காட்டும் இரண்டு 'எஸ்'ஸும் வந்துவிடும், பார்க்க எல்லாம் நலம். கொஞ்ச நேரத்தில் புதிய 7416 வந்து பழைய 7416 மேல் மோதும். 1062, டூப்ளிகேட் என்ட்ரி. அதையும் 'ஸ்கிப்' கொடுத்துத் தாண்டுவார்கள். என்னைக் கேட்டால், என்ன வரி என்று பார்க்காமல் கொடுக்கும் ஸ்கிப் கணக்கில் கை வைப்பதற்குச் சமம்.

அதனால் 1236 வந்தால் முதல் வேலை கவுண்டரை நிறுத்துவது. முதலாளி கத்துவார், கத்தட்டும். இரண்டு சர்வரின் டேட்டா டைரக்டரியையும் அப்படியே நகல் எடுத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். பிறகு யார் முன்னே இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் தரும் ஜிடிஐடி போட்டிருந்தால் இரண்டு பக்கமும் நிறைவேறிய பட்டியலை ஒப்பிட்டாலே தெரியும். இல்லாவிட்டால் ரெப்ளிகா கடைசியாக நிறைவேற்றிய இடத்தையும் மாஸ்டர் ஃபைலின் முடிவையும் வைத்துப் பார்க்க வேண்டும். ரெப்ளிகா முன்னே இருந்தால் அதையே மாஸ்டராக்கிவிட்டு, விழுந்ததை அதிலிருந்து புதிதாகக் கட்டுவதே பெரும்பாலும் சரி. மாஸ்டரில் ஏற்கெனவே புதிய ரசீது போட்டுவிட்டார்கள் என்றால், கையால் ஒப்பிட்டுச் சேர்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அங்கே அச்சான அடிக்கட்டைதான் சாட்சி. பெர்கோனா டூல்கிட்டின் டேபிள் செக்சம் கருவியை ஒருமுறை ஓட்டி, இரண்டும் ஒன்றுதான் என்று பார்க்காமல் வீட்டுக்குப் போவதில்லை.

ரெப்ளிகா மட்டும் விழுந்தால் கவலை குறைவு. 'ரிலே லாக் ரெகவரி' போட்டு வைத்திருந்தால் அரைகுறை ரிலே லாகை (மாஸ்டரிடம் வாங்கி வைத்த சிட்டை நகலை) எறிந்துவிட்டு மாஸ்டரிடமே திரும்பக் கேட்டுக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. மைஎஸ்க்யூஎல்லில் டைரக்டரியை அப்படியே நகலெடுத்துக் கட்டினால் 'ஆட்டோ டாட் சிஎன்எஃப்' ஃபைலை மட்டும் நீக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு சர்வருக்கும் ஒரே அடையாள எண், ரெப்ளிகேஷனே தொடங்காது.

இன்னோடிபியே எழ மறுத்தால் கட்டாயப்படுத்தி எழுப்பும் 'ஃபோர்ஸ் ரெகவரி' அமைப்பு இருக்கிறது, 1 முதல் 6 வரை. 1இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற வேண்டும். 4இலிருந்து மேலே டேட்டா நிரந்தரமாகக் கெடலாம் என்று மைஎஸ்க்யூஎல் கையேடே எச்சரிக்கிறது. எந்தப் படியில் எழுந்தாலும் உடனே டம்ப் (டேட்டா முழுவதையும் வெளியே எழுதிய நகல்) எடுத்துவிட்டு வேறு இடத்தில் ஏற்றுங்கள்.

ரெப்ளிகா இருக்கிறது என்று பேக்கப்பை விட்டவர்களிடம் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையான கிட்லேப்பின் கதையைச் சொல்வேன். 2017 ஜனவரி 31 அன்று பின்தங்கிய ரெப்ளிகாவைச் சரிசெய்யப் போன பொறியாளர், ரெப்ளிகா என்று நினைத்து மாஸ்டரின் டைரக்டரியை அழித்துவிட்டார். அது போஸ்ட்கிரஸ் என்ற வேறு டேட்டாபேஸ், ஆனால் கை தவறுவதற்கு எந்த டேட்டாபேஸாக இருந்தால் என்ன. தினமும் எடுப்பதாக நம்பியிருந்த டம்ப், பதிப்பு பொருந்தாமல் எடுபடாமலே போயிருந்தது. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அப்போதைய நகல்) இருந்ததால் தப்பினார்கள், இடையில் நடந்தது போயிற்று. நம் ஊர்க் கடைகளிலும் பேக்கப் ஃபைலின் அளவை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்ப்பதையும், ரெப்ளிகாவை மாஸ்டராக்கிப் பார்ப்பதையும் புரட்டாசியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஐப்பசி பிறந்து தீபாவளி வியாபாரம் சூடுபிடித்தால், மழை கொட்டினாலும் சர்வர் பக்கம் நம்மை அண்டவிட மாட்டார்கள்.