‘மனசு ஒப்பவில்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுத முடியாது

நர்சிங் படித்த எல்லோருக்கும் அந்த நான்கு சொற்கள் தெரியும். தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. பீச்சம், சில்ட்ரெஸ் என்ற இருவர் 1979-ல் மருத்துவ அறவியலுக்கு வகுத்துக் கொடுத்தவை. மனப்பாடம் செய்வோம், தேர்வில் எழுதுவோம், வார்டில் கால் வைத்த முதல் வாரத்திலேயே மறந்தும் போவோம். பாடத்தில் வருகிற உதாரணங்களுக்கும் இதில் பங்கு உண்டு. வென்டிலேட்டரை நிறுத்தலாமா, கருணைக்கொலை சரியா என்றுதான் அங்கே விவாதம் நடக்கும். அந்த முடிவை எந்த நர்சும் தனியாக எடுக்கப் போவதில்லை.

நாம் நிஜமாக எடுக்கிற முடிவுகள் வேறு மாதிரி. மூக்குக் குழாயைத் திரும்பத் திரும்பப் பிடுங்குகிறவரின் கையைக் கட்டலாமா, மாத்திரை வேண்டாம் என்கிறவருக்கு அதைப் பொடித்துச் சாப்பாட்டில் கலந்துவிடலாமா, இரண்டு படுக்கையிலிருந்து ஒரே நேரத்தில் மணி அடித்தால் எங்கே முதலில் ஓடுவது, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு என்ன நோய் என்று ஆர்வமாகக் கேட்கிறவருக்கு என்ன பதில் சொல்வது. இதையெல்லாம் யாரும் அறச்சிக்கல் என்று சொல்வதில்லை, வேலை என்றுதான் சொல்கிறோம், அதனாலேயே யோசிக்காமல் செய்துவிடுகிறோம்.

கோட்பாடு படித்தால் சரியான விடை கிடைத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. கிடைக்காது. ஆனால் ஏதோ தப்பு நடக்கிறது என்று உள்ளே உறுத்துகிறதே, அந்த உறுத்தலை அடுத்தவர் காதில் ஏறுகிற காரணமாக மாற்றிக் கொடுக்கும். ‘எனக்கு என்னமோ சரியாப் படல டாக்டர்’ என்று சொன்னால் ரவுண்ட்ஸ் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடும். ‘இவர் தெளிவாக இருக்கிறார், சிகிச்சை என்ன, எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்கிறார், அப்படியும் வேண்டாம் என்கிறார், இதற்கு மேல் செய்தால் சம்மதம் இல்லாமல் செய்ததாகிவிடும்’ என்று சொல்லிப் பாருங்கள், நின்று கேட்பார்கள். எப்போதும் இல்லை, பெரும்பாலும்.

கோட்பாடுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெந்தாமும் மில்லும் சொன்ன பயன்வழிக் கொள்கை விளைவைப் பார்க்கும்: எதைச் செய்தால் மொத்தத்தில் நன்மை அதிகம்? கான்ட்டின் கடமைவழி அறம், எதிரே இருக்கும் மனிதரை நம் காரியத்துக்கான கருவியாக மட்டும் நடத்துகிறோமா என்று கேட்கும். அரிஸ்டாட்டில் வழியில் வருகிறவர்கள், பக்குவமான ஒரு நர்ஸ் இந்த இடத்தில் எப்படி நடந்துகொள்வார் என்பார்கள். 1982-ல் கேரல் கில்லிகன் கிளப்பிய விவாதத்திலிருந்து வளர்ந்த அக்கறை அறம், இவர் யார், யாரை நம்பி இங்கே படுத்திருக்கிறார், இவருக்கு இப்போது என்ன தேவை என்று உறவிலிருந்து தொடங்கும். இதில் எது உசத்தி என்ற சண்டையைத் தத்துவப் பேராசிரியர்களிடம் விட்டுவிடலாம். ஒன்றின் கண்ணில் படாதது இன்னொன்றின் கண்ணில் படும், ட்யூட்டியில் நமக்கு அது போதும்.

சரி, கையைக் கட்டுகிற விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் நாம் அதிகம் செய்வதும் குறைவாக யோசிப்பதும் இதைத்தான். வயதானவர், அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் இரவு, எங்கே இருக்கிறோம் என்றே புரியாத குழப்பம், ஐவி லைனை இழுக்கிறார், படுக்கையிலிருந்து இறங்கப் பார்க்கிறார். ‘அவர் நல்லதுக்குத்தான்’ என்று கட்டிவிடுவோம். விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வதைவிடக் கட்டிக் கிடப்பது மேல் என்பது பயன்வழிக் கணக்கு. அந்தக் கணக்கைப் பாதியில் நிறுத்தாமல் முழுசாகப் போட்டுப் பாருங்கள். கட்டினால் பதற்றம் கூடும், புரள முடியாமல் படுக்கைப்புண் வரும், மணிக்கட்டுக்குக் கீழே ரத்த ஓட்டம் குறையலாம், கட்டோடு இறங்க முயன்று சிக்கிக்கொண்டு இறந்தவர்களும் உண்டு. கட்டிவைத்தால் விழுவது குறையும் என்பதற்காவது உறுதியான ஆதாரம் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை.

அடுத்து கான்ட் கேள்வி. யாருக்காகக் கட்டுகிறோம்? உண்மையைச் சொன்னால், இரவில் ஆள் குறைவு, மற்ற படுக்கைகளையும் பார்க்க வேண்டும், இவர் பக்கத்திலேயே உட்கார முடியாது. இது அற்பமான காரணம் இல்லை, மற்ற நோயாளிகளும் மனிதர்கள்தானே. ஆனால் அதை ‘அவர் நல்லதுக்கு’ என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும்போதுதான் வழி அடைபடுகிறது, ஏனென்றால் அவர் நல்லதுக்கு என்றால் செய்ய வேண்டியது முடிந்துவிட்டது, ஆள் இல்லாததற்கு என்றால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு ஒரு ஆள் கேட்க வேண்டும், வீட்டார் ஒருவர் இரவு உடன் இருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும், படுக்கையை நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் தள்ள வேண்டும்.

அக்கறை அறம் கேட்பது இன்னும் எளிமையான கேள்வி. ஏன் இழுக்கிறார்? அறுவை சிகிச்சைக்குப் பின் திடீரென்று வருகிற குழப்பத்துக்கு, அதாவது டெலிரியத்துக்கு, பெரும்பாலும் தேடினால் கிடைக்கிற காரணம் இருக்கும். சிறுநீர் அடைத்து வயிறு முட்டியிருக்கலாம், வலி இருக்கலாம், ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், மலச்சிக்கல், தொற்று, புதிதாகத் தொடங்கிய தூக்க மருந்து, உப்புச் சத்துக் கோளாறு. கண்ணாடியும் காது மிஷினும் லாக்கரில் பூட்டிக் கிடப்பதைக்கூட யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அப்புறம், அந்தக் குழாய் இன்னும் தேவைதானா என்று யாராவது கேட்டார்களா? எடுத்துவிட வேண்டிய கத்தீட்டரை, அதாவது சிறுநீர்க் குழாயை, எடுக்காமல் விட்டுவிட்டு, அதை இழுக்கிறார் என்று கட்டிப்போடுவது எந்தக் கோட்பாட்டிலும் தேறாது.

இத்தனையும் பார்த்த பிறகும் கட்டத்தான் வேண்டும் என்கிற நிலைமை வரும், இல்லை என்று சொல்லவில்லை. மூச்சுக்காகச் செருகிய குழாயைப் பிடுங்கினால் அடுத்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்கிற ஐசியூ நோயாளி அதற்கு உதாரணம். அப்போது மருத்துவர் உத்தரவு, குறைந்த நேரம், கைவிரலின் நிறத்தையும் சூட்டையும் அடிக்கடி பார்ப்பது, அவிழ்த்துவிட்டு அசையவைப்பது, வீட்டாருக்குக் காரணம் சொல்வது, எப்போது எடுக்கலாம் என்று ஒவ்வொரு ஷிப்டிலும் மறுபடி கேட்பது. இவ்வளவும் சேர்ந்ததுதான் தீங்கு செய்யாமை.

மாத்திரையை ஒளித்துக் கொடுப்பதற்கு இத்தனை யோசனை வேண்டியதில்லை. முடிவெடுக்கும் திறன் உள்ளவர் வேண்டாம் என்றால் கலந்து கொடுப்பது ஏமாற்று, அங்கேயே முடிந்தது. திறன் இல்லாதவர் என்றால் அது மருத்துவர், மருந்தாளுநர், குடும்பம் எல்லோரும் சேர்ந்து எடுத்து எழுதிவைக்க வேண்டிய முடிவு. மெதுவாகக் கரைகிற மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரே அடியாக ரத்தத்தில் ஏறிவிடும், ஆகவே மருந்தாளுநரிடம் கேட்பது வெறும் சம்பிரதாயம் இல்லை.

உண்மை சொல்வதுதான் எனக்கு இன்றைக்கும் சிரமமானது. ‘அப்பாவுக்குக் கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர், தாங்க மாட்டார்’ என்று மகள் வெளியே வந்து சொல்லிவிட்டுப் போவார். நடு இரவில் அப்பா நம்மைக் கூப்பிட்டு, ‘எனக்கு என்ன வியாதிம்மா, எல்லாரும் ஏன் ஒரு மாதிரி பார்க்கிறாங்க’ என்பார். கான்ட் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். நண்பனைத் தேடிவரும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் எழுதியவர், அவ்வளவு தூரம் என்னால் போக முடியாது. ஆனால் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: பொய் சொல்லாமல் இருப்பதும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதும் ஒன்றல்ல. ‘ஒண்ணும் இல்லப்பா, சாதாரண கட்டிதான்’ என்பது பொய். ‘உங்களுக்கு எந்த அளவுக்குத் தெரிஞ்சுக்கணும்னு இருக்கு?’ என்பது பொய் இல்லை, நோயின் பெயரை முதல் முறையாகச் சொல்கிற, மருத்துவருக்குரிய இடத்தை நாம் எடுத்துக்கொள்வதும் இல்லை.

தன்னாட்சி என்றாலே எல்லாவற்றையும் முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் இருக்கும் உரிமையும் தன்னாட்சியில் அடங்கும், ‘எதுவானாலும் என் மகளிடம் சொல்லுங்கள்’ என்று நோயாளியே சொன்னால் அது அவருடைய முடிவு. மகள் சொன்னால் அது நோயாளியின் முடிவு ஆகாது, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்காக மகளை எதிரியாகப் பார்க்க வேண்டாம். ‘அவருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயப்படறீங்க?’ என்று உட்காரவைத்துக் கேட்டால், பெரும்பாலும் மகளுடைய பயம்தான் வெளியே வரும். காலையில் மருத்துவரிடம், ‘இவர் என்னிடம் நேராகக் கேட்டார், இந்த வார்த்தையில் கேட்டார்’ என்று சொல்லி, அவர் நோயாளியிடம் பேசும்போது நாமும் உடன் நிற்க வேண்டும், ஏனென்றால் மருத்துவர் போன பிறகு மிச்சக் கேள்விகள் நம்மிடம்தான் வரும்.

இதுவரை அக்கறை அறத்தை நல்லவிதமாகவே சொல்லிவிட்டேன். அதற்கும் ஒரு பொறி உண்டு, அன்பான நர்ஸ்தான் அதில் சுலபமாக விழுவார். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அரசின் பொதுச் சுகாதாரத் துறையே நடத்திய ஆய்வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் உள்ள 399 கறுப்பின ஆண்களை, அந்த நோய் இல்லாத 201 பேரோடு ஒப்பிட்டு, சிகிச்சை கொடுக்காமலே கவனித்துக்கொண்டிருந்தார்கள். என்ன நோய் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை, அதைக் குணப்படுத்தும் பென்சிலின் 1940-களின் இறுதியில் பரவலாகக் கிடைத்த பிறகும் கொடுக்கவில்லை. அந்த ஆய்வில் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் இருந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற நர்ஸ், அவரும் கறுப்பினத்தவர்தான். அந்த ஆண்களை வண்டியில் அழைத்துப் போனார், வீட்டுக்குப் போய் நலம் விசாரித்தார், அவர்கள் அவரை முழுசாக நம்பினார்கள். அவர்களை ஆய்வை விட்டுப் போகாமல் பிடித்துவைத்ததில் அந்த நம்பிக்கைக்குப் பெரிய பங்கு இருந்தது. அவர் காட்டிய அக்கறை போலி என்று நான் நினைக்கவில்லை. ‘இந்த மனிதரிடம் உண்மையைச் சொன்னோமா, இவர் சம்மதித்தாரா’ என்ற இன்னொரு கேள்வியை அந்த அக்கறை மறைத்துவிட்டது என்று நினைக்கிறேன். மேலே இருப்பவர்கள் மருத்துவர்கள், அவர்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது.

அந்த நம்பிக்கைக்கு அன்றைய தொழில் நெறியும் இடம் கொடுத்தது. சர்வதேச செவிலியர் கவுன்சில் 1953-ல் முதல் நெறிமுறையை ஏற்றபோது, மருத்துவரின் உத்தரவை விசுவாசமாக நிறைவேற்றுவது கடமை என்று அதில் இருந்தது, நெறிகெட்ட செயலில் பங்கெடுக்க மறுக்க வேண்டும் என்பதும் கூடவே இருந்தது. 1973 திருத்தத்தில்தான் நர்சின் முதல் பொறுப்பு பராமரிப்பு தேவைப்படுகிறவர்களுக்கே என்று வந்தது. ‘டாக்டர் சொன்னார், செய்தேன்’ என்ற பதில் அன்றைக்கே செல்லாததாகிவிட்டது, நாம்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மார்பின் என்ற வலி மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறுதிக்கட்ட நோயாளிக்கு வலிக்கு எழுதிய டோஸைக் கொடுக்கக் கை நடுங்குகிற இளம் நர்சுகள் நிறைய. ‘நான் போட்ட ஊசியால்தான் போனாரோ’ என்ற பயம். தாமஸ் அக்வினாஸ் 13-ம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த இரட்டை விளைவுக் கோட்பாடு இங்கே கைகொடுக்கும்: நோக்கம் வலியைக் குறைப்பது, மரணம் அதற்கான வழி இல்லை, டோஸ் வலிக்குத் தகுந்த அளவில் இருக்கிறது என்றால், பக்க விளைவு முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் அது கொலை இல்லை. நிஜத்தில் அந்தக் கோட்பாடு தேவைப்படுவதே அரிது, வலிக்கு ஏற்றபடி படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கிற மார்பின் பொதுவாக மரணத்தை முன்னே இழுப்பதில்லை. இறந்துகொண்டிருப்பவருக்கு ஏதாவது ஒரு டோஸ் கடைசி டோஸாகத்தான் அமையும். மூச்சு எண்ணிக்கையையும் மயக்க நிலையையும் பாருங்கள், எழுதுங்கள், கொடுங்கள். பயத்தால் வலியில் விடுவதும் ஒரு தீங்குதான், அது கேஸ் ஷீட்டில் தெரிவதில்லை என்பதற்காக இல்லை என்றாகிவிடாது.

எது சரி என்று தெரிந்தும் செய்யவிடாத நிலைமைக்கு 1984-ல் ஆண்ட்ரூ ஜேமட்டன் ஒரு பெயர் வைத்தார், அறத் துயரம். வேலையை விட்டுப் போகிற நல்ல நர்சுகள் பலரிடம் பேசினால் சம்பளத்துக்கு முன்னால் இதுதான் வரும். இதற்குத் தனி ஆளாகப் பொறுமை காப்பது மருந்தாகாது. மருத்துவமனையில் நெறிமுறைக் குழு இருந்தால் நர்சும் அதில் வழக்கைக் கொண்டுபோகலாம், பலருக்கு அது தெரிவதே இல்லை. குழு இல்லாவிட்டால் ஷிப்ட் மாறும்போது பத்து நிமிடம் உட்கார்ந்து பேசலாம். ஆள் பற்றாக்குறையை வாயால் புலம்பாமல், எந்த இரவில் எத்தனை நோயாளி, அதனால் எது செய்யப்படாமல் போனது என்று எழுதிக் கொடுக்கலாம். நீதி என்ற நான்காவது சொல் பெரும்பாலும் இந்த மாதிரிக் காகிதத்தில்தான் உயிரோடு இருக்கிறது.

எழுதும்போது பொதுவாக எழுதாதீர்கள். நேரம், நோயாளி சொன்ன வார்த்தை, யாரிடம் தெரிவித்தோம், அவர் என்ன சொன்னார், இவ்வளவும் வேண்டும். ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினால் அடுத்து வருகிறவர் கோபக்கார நோயாளி ஒருவரை எதிர்பார்த்துப் போவார். ‘டிரெஸ்ஸிங் செய்யும்போது தாங்க முடியாமல் வலிக்கிறது, இப்போது வேண்டாம் என்றார்’ என்று எழுதியிருந்தால், வலி மருந்தைக் கொடுத்து அரை மணி நேரம் கழித்து மறுபடி கேட்டுப் பார்ப்பார்.