கோப்புப் பகிர்வு: குறையாத ஒன்றுக்கு வாய்த்த பங்கிடும் சொல்

ஃபைல் ஷேரிங் என்பதைத் தமிழில் கோப்புப் பகிர்வு என்கிறோம். கணினிக் கலைச்சொற்களில் இவ்வளவு சண்டை சச்சரவில்லாமல் வேரூன்றிய சொற்கள் குறைவு. எனக்கும் பல ஆண்டுகளாக அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இசைக்கலைஞர்களின் பிழைப்பை இணையம் என்ன செய்தது என்று யோசிக்க ஆரம்பித்தபோதுதான் சொல் இடறியது. ஒரு பாட்டை ஆயிரம் பேருக்குப் பகிர்ந்தால், பகிர்ந்தவர் கையில் எவ்வளவு மிஞ்சும்? முழுப் பாட்டும் அப்படியே இருக்கும். பிறகு அது எப்படிப் பகிர்வாகும்?

முதல் பாதியில் சிக்கல் ஒன்றுமில்லை. சொல்லப்போனால் அது ஓர் அழகான பொருத்தம். ஃபைல் என்ற சொல்லின் வேர், நூலைக் குறிக்கும் ஃபீலும் என்ற லத்தீன் சொல். தாள்களை நூலிலோ கம்பியிலோ குத்திக் கோத்து வைத்த பழக்கத்திலிருந்து அது பிறந்தது. கோப்பு என்பதும் 'கோ' என்ற வினையடியிலிருந்து வருவதுதான். பூக் கோப்போம், மணி கோப்போம், ஊசியில் நூல் கோப்போம். எம்பி3 கோப்பைத் திறந்து பார்த்தால் அது மெய்யாகவே கோத்த மாலையாகத்தான் இருக்கிறது. குறுந்தட்டின் (சிடி) தரத்தில் ஒரு நொடி ஒலி ஏறக்குறைய 38 சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தலைப்பகுதி ஒட்டப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கிறது.

பகிர்வுக்கு வருவோம். பகு, பகிர், பகுதி, பகுப்பு, பங்கு எல்லாம் ஒரு குடும்பம். எல்லாவற்றுக்கும் அடிப்படைப் பொருள் பிரித்தல், கூறுபோடுதல். ஆங்கிலத்திலும் இதே கதைதான். ஷேர் என்பதன் பழைய வடிவத்துக்கு வெட்டு என்று பொருள். ஆட்டு மயிரைக் கத்தரிப்பதற்கான சொல்லும் ஏர்க்கொழுவின் பெயரும் அதற்கு உறவு. ஆக, இரண்டு மொழியிலும் பகிர்தல் என்றால் ஒன்றை வெட்டிப் பங்குபோடுவது. வெட்டினால் குறையும். குறைவதால்தான் பங்காளிச் சண்டை வருகிறது, பாகப்பிரிவினை வழக்கு வருகிறது. குறைவதால்தான் அது அறமாகவும் எண்ணப்பட்டது. திருக்குறள் 'பகுத்துண்டு' என்று போற்றுவது, தன் சோற்றில் ஒரு கை குறையும் என்று தெரிந்தே கொடுப்பதைத்தான்.

அந்த நற்பெயர் முழுவதும் கோப்புப் பகிர்வுக்கு இலவசமாக வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் இங்கே யாரும் எதையும் வெட்டவில்லை. நடப்பது படியெடுத்தல்.

இது எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் விளங்கும். குறுந்தட்டில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகிறது. நான்கு நிமிடப் பாட்டுக்கு அது ஏறக்குறைய 42 மெகாபைட். நொடிக்கு 56 கிலோபிட் வேகமுள்ள பழைய தொலைபேசி மோடத்தில், ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடினாலும், அதை இறக்க 100 நிமிடம் ஆகும். காது கவனிக்காத ஒலிகளைக் கழித்துச் சுருக்கும் முறையை ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தினரும் பிறரும் சேர்ந்து உருவாக்கினார்கள். 1995ல் அதற்கு எம்பி3 என்ற கோப்புப் பெயர் நிலைத்தது. அதே பாட்டு இப்போது 4 மெகாபைட்டுக்குள் அடங்கியது. பத்து நிமிடத்துக்குள் இறங்கியது. 1999 ஜூனில் ஷான் ஃபேனிங் என்ற பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவர் நாப்ஸ்டரை வெளியிட்டார். யாருடைய கணினியில் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நடுவில் இருக்கும்; பாட்டு ஒரு வீட்டுக் கணினியிலிருந்து இன்னொரு வீட்டுக் கணினிக்கு நேராகப் போகும். அந்த ஆண்டு முடிவதற்குள் இசைத்தட்டு நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2000 ஏப்ரலில் மெட்டாலிக்கா என்ற ராக் இசைக்குழுவே நீதிமன்றம் போனது. 2001 ஜூலையில் சேவை நின்றது.

பகிர்வு என்ற சொல் உண்மையிலேயே பொருந்தியது அதற்குப் பின் வந்த பிட்டோரண்டுக்குத்தான். 2001ல் பிராம் கோஹன் உருவாக்கிய அந்த முறையில் கோப்பு துண்டு துண்டாகப் பிரியும்; இறக்குகிற ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த துண்டை அடுத்தவருக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அங்கே பங்கிடப்படுவது சுமக்கும் வேலை. பொருள் எல்லார் கையிலும் முழுதாகவே வந்து சேரும்.

சரி, படியெடுத்தலுக்கு நம்மிடம் என்னென்ன சொற்கள் இருக்கின்றன? காப்பி என்பது நிறைவு, வளம் என்று பொருள்படும் கோப்பியா என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அசல், நகல் இரண்டும் அரபியிலிருந்து வந்தவை. அரபியில் நக்ல் என்றால் இடம் மாற்றுதல் என்றும் பொருள் உண்டு. பிரதி வடமொழி. இவற்றில் என் கை தானாகப் போவது 'படி' என்ற சொல்லிடம்தான். கையெழுத்துப் படி, திருத்தப் படி என்று அது நன்றாகவே புழங்குகிறது. எனக்கு அதைப் பிடிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. படி என்றால் நெல் அளக்கும் அளவை. படி என்றால் பயணப்படி, பஞ்சப்படி என்கிறோமே, அந்த வருமானமும்தான். வாழ வைப்பவரைப் 'படியளக்கிறவர்' என்கிறோம்.

தொழில்முறை இசைக்கலைஞரின் நிலைமையை இந்த ஒரு சொல் முழுதாகச் சொல்லிவிடுகிறது. ஒலிப்பதிவு தொழிலான நாள் முதல் பாட்டின் விலையை யாரும் நேராக அளந்ததில்லை. எத்தனை தட்டு விற்றது, எத்தனை நாடா விற்றது என்று படியை எண்ணினார்கள். ஒவ்வொரு படிக்கும் பாடியவருக்கு இவ்வளவு, எழுதியவருக்கு இவ்வளவு, மெட்டமைத்தவருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். நகலாகிய படி, அளவையாகிய படி, கூலியாகிய படி மூன்றும் ஒன்றாக இருந்த காலம் அது. எடுக்கச் செலவே ஆகாத படி வந்ததும் அளவை உடைந்துவிட்டது. பாட்டு தேய்ந்துபோகவில்லை, கேட்பவர்கள் குறையவில்லை, கூலியை அளக்கக் கையில் மரக்கால் இல்லை. உலக அளவில் இசைப்பதிவு வருமானம் 1990களின் கடைசியில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கிக்கொண்டே வந்து 2014ல் அடிமட்டத்துக்குப் போனது. அந்த இடைவெளியில்தான் ஒலிப்பதிவுக் கூடங்கள் மூடின. பெயர் பெற்ற பாடகர்கள் மேடைக் கச்சேரியை நம்பித் தாக்குப்பிடித்தார்கள். பதிவுக்கூடத்துக்குள்ளேயே வாழ்ந்த வாத்தியக்காரர்களுக்கு அந்த வழி இல்லை. மேடையில் தெரியாத அவர்களைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை அதிகம்.

பைரசி என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். முயலுதல், தாக்குதல் என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து வந்த கடற்கொள்ளையர் பெயர் அது. உரிமையில்லாமல் நூல் அச்சிட்டவர்களை 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் அப்படி வைதார்கள். திருட்டுப் படி, களவுப் பதிப்பு என்று நாமும் சொல்கிறோம். ஆனால் களவு போனால் உடையவரிடம் பொருள் இருக்காது. 1985ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த டவ்லிங் வழக்கு இதைப் பற்றியதுதான். எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை உரிமம் இல்லாமல் தட்டுகளாக விற்றவர் மேல், திருட்டுச் சொத்தைக் கடத்துவதைத் தடுக்கும் சட்டமும் பாய்ந்தது. பதிப்புரிமையை மீறுவது வேறு, பொருளைத் திருடுவது வேறு என்று பார்த்த நீதிமன்றம், அந்தச் சட்டம் அங்கே செல்லாது என்றது. மீறல் மீறல்தான், அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. பகிர்வு என்றால் புண்ணியம், களவு என்றால் பாவம் என்று பெயர் வைக்கும்போதே தீர்ப்பும் எழுதிவிட்டால், நடுவில் நிற்கும் கலைஞருக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். (பதிப்புரிமையைக் காப்புரிமை என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காப்புரிமை, கண்டுபிடிப்புக்குத் தரும் பேட்டன்ட். பாட்டுக்கு உள்ளது பதிப்புரிமை.)

பணம் வாங்காமல் இசைப்பவர்களின் கதை வேறு. அமெச்சூர் என்றால் கத்துக்குட்டி என்றொரு இளக்காரம் நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லின் வேர் லத்தீன் அமாத்தோர், அன்பு கொண்டவர். தமிழில் 'ஆர்வலர்' என்பதே அதற்கு அச்சொட்டான சொல். ஆர்வம் அன்பு ஈன்ற பிள்ளை என்கிறது 74ஆம் குறள். கூலி உண்டா இல்லையா என்பதுதான் ஆர்வலருக்கும் தொழில்முறைக் கலைஞருக்கும் உள்ள வேறுபாடு. திறமையில் யார் உயர்த்தி என்பது வேறு கணக்கு.

பதிவு எந்திரங்கள் ஆர்வலரை அழித்துவிடும் என்று 1906லேயே பயந்தவர் உண்டு. அமெரிக்க வாத்தியக் குழுத் தலைவர் ஜான் ஃபிலிப் சூசா, தானியங்கிப் பியானோவும் கிராமபோனும் வந்துவிட்டால் வீட்டில் உட்கார்ந்து வாசிக்க யார் பழகுவார்கள் என்று கட்டுரையே எழுதினார். அந்தப் பயத்தில் பாதி பலித்தது. டிஜிட்டல் கருவிகள் அதைத் திருப்பிப் போட்டன. 2000ல் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசமாக வந்தது. 2004ல் ஆப்பிள் கணினிகளோடு அதே வேலைக்கான கராஜ்பேண்ட் வந்தது. கூடத்தை வாடகைக்கு எடுக்க வழியில்லாதவர்கள் படுக்கையறையில் பதிவு செய்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை ஒரு படி கூடுதலாகப் போவதால் இழப்பு இல்லை. கேட்கும் காது ஒன்று கூடுகிறது. கொடுக்கக் கொடுக்கக் குறையாதது கல்வி என்று சொல்லி வளர்ந்தோமே, ஆர்வலரின் பாட்டும் அப்படித்தான்.

ஆனாலும் ஒன்று குறைந்தது. நான் புல்லாங்குழல் வாசிப்பேன், கூலிக்கு அல்ல. ஒரு முறை நாங்கள் நான்கு பேர், ஆளுக்கோர் இடத்தில் இருந்தபடி, ஒருவர் வாசித்ததை இன்னொருவருக்கு அனுப்பி, அதன்மேல் அடுத்தவர் வாசித்து, ஒரு மெட்டைப் பதிவு செய்தோம். கதவிடுக்கில் போர்வையைச் சுருட்டி அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க வாசித்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே கோப்பு எங்களைத் தெரியாத ஒருவர் வழியாக என்னிடமே வந்தது. நன்றாக இருக்கிறது, கேளுங்கள் என்று எழுதியிருந்தார். திரையில் 'ட்ராக் 01, அன்னோன் ஆர்ட்டிஸ்ட்' என்று ஓடியது. மகிழ்ந்த அதே நொடியில் தொண்டை அடைத்தது.

எம்பி3க்குள் பெயர் எழுத இடம் இருக்கத்தான் செய்கிறது. ஐடி3 என்ற குறிப்பின் முதல் வடிவம், கோப்பின் வாலில் ஒட்டிய வெறும் 128 பைட். பாட்டின் பெயருக்கு 30, கலைஞர் பெயருக்கு 30, தொகுப்பின் பெயருக்கு 30, ஆண்டுக்கு 4, மீதி சில்லறை. இசையமைத்தவர், எழுதியவர், வாசித்தவர்கள் என்று தனி இடம் எதுவும் இல்லை. பின்னால் வந்த வடிவங்களில் இடம் வந்தது. நிரப்ப ஆள் வரவில்லை. தொழில்முறைக் கலைஞரிடமிருந்து கூலியைப் பறித்த படி, ஆர்வலரிடமிருந்து பெயரைப் பறித்தது. அன்பினால் வாசிப்பவருக்குக் கிடைக்கும் ஒரே ஊதியம் பெயர்தான்.

இப்போது கோப்பை இறக்கி வைக்காமல் இணையத்திலிருந்தே கேட்கும் ஸ்ட்ரீமிங் காலம். ஓடை, தாரை என்று சொல்லிப் பார்க்கிறோம். எதுவும் இன்னும் நாக்கில் படியவில்லை. விந்தை என்னவென்றால், பகிர்வு என்ற பெயர் இல்லாத இங்கேதான் அசல் பகிர்வு நடக்கிறது. சந்தா, விளம்பரம் என்று வரும் பணம் ஒரே பானையில் விழுகிறது. ஸ்பாட்டிஃபை என்ற ஸ்ட்ரீமிங் சேவை அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்கு ஒதுக்குவதாகச் சொல்கிறது. மொத்தக் கேட்புகளில் ஒரு பாட்டுக்கு எத்தனை விழுக்காடோ அதற்கேற்பப் பங்கு. ஒருவர் பங்கு கூடினால் இன்னொருவர் பங்கு குறையும். பாகப்பிரிவினையேதான். உலக வருமானம் 2023ல் 2,860 கோடி டாலருக்கு ஏறியது என்று இசைத்தட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு கணக்குக் காட்டுகிறது. பானை பெரிதாகிவிட்டது. ஆனால் 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பதிவுக்குப் பானையிலிருந்து பங்கு இல்லை. ஒவ்வொன்றுக்கும் சேர வேண்டியது சில காசுதான் என்பது உண்மை. பங்காளிகள் பட்டியலிலிருந்து ஆர்வலர்களில் பெரும்பாலோர் பெயர் அடிக்கப்பட்டது என்பதும் உண்மை.

கோப்புப் பகிர்வு என்ற சொல்லைக் கைவிடச் சொல்ல மாட்டேன், ஊன்றிவிட்டது, இருக்கட்டும். அலுவலகத்தில் ஒரே கோப்பைப் பலர் திறந்து வேலை செய்வதற்கு அது சரியான சொல். இசையைப் பற்றி எழுதும்போது மட்டும் நான் பிரித்து எழுதுகிறேன். ஆர்வலர் தாமே இணையத்தில் ஏற்றிக் கேட்கக் கொடுத்தால் 'பாட்டை வழங்கினார்'. இரண்டு கலைஞர்கள் பதிவின் துண்டுகளை அனுப்பி வாங்கினால் 'கோப்புப் பரிமாற்றம்'. உரியவர் அறியாமல் கை மாறினால் 'உரிமம் பெறாத படி', அல்லது சுருக்கமாக 'உரிமமில்லாப் படி'. ஸ்ட்ரீமிங் வருமானம் பிரிவதற்கு 'பங்கீடு'. நேற்று ஒரு நண்பர் தம் மகள் பாடியதை அனுப்பி, எல்லாருக்கும் பகிருங்கள் என்றார். கோப்பின் பெயர் 'ஆடியோ 7' என்று இருந்தது. பாடியவர் பெயர், மெட்டுப் போட்டவர் பெயர், கிட்டார் வாசித்த பையனின் பெயர் மூன்றையும் கேட்டு வாங்கி, எழுதிச் சேர்த்துவிட்டு, அதன் பிறகே அடுத்தவருக்கு அனுப்பினேன்.