மழைக்காலத்து நாற்றுக்கு எந்த லைட்?

ஊட்டியில் ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் இதே நிலைமை. அந்த நாட்களில் ஜன்னலோரம் தக்காளி நாற்று விட்டால், தண்டு வெளுத்து, மெலிந்து, கண்ணாடிப் பக்கமாகச் சாய்ந்து நீண்டுகொண்டே போகும். கடைசியில் நாலு இலையைத் தாங்க முடியாமல் படுத்துவிடும். நிழல் விழும் பக்கத்தில் ஆக்சின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சேர்ந்து, அந்தப் பக்கத்துச் செல்களை மட்டும் நீள வைப்பதால் வரும் சாய்வு இது.

அறையில் ஒரு லைட் போட்டால் சரியாகிவிடாதா? ஆகும். ஆனால் எவ்வளவு வெளிச்சம் என்பதைக் கண்ணால் தீர்மானிக்கக் கூடாது. ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். இரவில் விளக்கு எரியும் கூடத்தில் பெரும்பாலும் 200 லக்ஸ்தான் இருக்கும். இரண்டு இடத்திலும் நம்மால் பேப்பர் படிக்க முடிகிறது, ஏனென்றால் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இலைக்கு அந்த வசதி இல்லை.

பல்பு அட்டையில் போட்டிருக்கும் வாட், எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதைத்தான் சொல்லும். லூமன் என்பது பல்பு மொத்தமாக விடும் வெளிச்சம், ஆனால் அது மனிதக் கண்ணுக்கான கணக்கு. கண்ணுக்கு அதிகம் உறைப்பது 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி. இலைக்குத் தேவை, 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், எத்தனை வந்து விழுகின்றன என்பது. அந்த எண்ணிக்கையை மைக்ரோமோலில் சொல்வார்கள்; பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல். வெள்ளை எல்இடி என்றால், லக்ஸை 70ஆல் வகுத்தால் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் என்பது ஏறக்குறைய வந்துவிடும்.

அப்புறம் நேரம். தேயிலைத் தோட்டத்து மழைமானியில் ஒரு நாள் முழுக்கப் பெய்ததைச் சேர்த்துத்தானே அளக்கிறோம்? இலையில் விழும் ஒளிக்கும் அந்த நாள் கணக்குதான் முக்கியம். ஆப்பிரிக்கன் வயலட் பூச்செடிக்குச் சதுர மீட்டருக்கு நாளுக்கு 4 முதல் 6 மோல் போதும். லெட்டூஸுக்கு 12க்கு மேல் வேண்டும். தக்காளி காய்க்க 20ஐத் தாண்ட வேண்டும்.

இப்போது ஒரு 9 வாட் எல்இடி பல்பை எடுத்துக்கொள்வோம். சுமார் 900 லூமன். ஓர் அடி கீழே நேர் நடுவில் 3,000 லக்ஸ் கிடைத்தாலே பெரிது. அதாவது 43 மைக்ரோமோல். 14 மணி நேரம் எரித்தால் நாளுக்கு 2 மோல். அதையே இரண்டு அடிக்குத் தூக்கினால் கால் பங்காகிவிடும், அரை மோல்கூட மிஞ்சுவது சிரமம். கூரையில் மாட்டிய பல்பை நம்பி நாற்று விடுவது வீண் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

20 வாட் எல்இடி டியூப் லைட் இரண்டை அருகருகே மாட்டி, தட்டை அரை அடி, முக்கால் அடி கீழே வைத்தால் கதை வேறு. சுமார் 7,000 லக்ஸ், 14 மணி நேரத்தில் 5 மோல். ஜன்னல் வெளிச்சத்தையும் சேர்த்தால் நாற்று குட்டையாக, தண்டு பருத்து வரும். செலவு நாளுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். செடி உயர உயர லைட்டையும் தூக்கிக் கட்ட வேண்டும், அதனால் சங்கிலியில் தொங்கவிடுவது நல்லது.

சரி, சிவப்பு, நீல எல்இடி கலந்து ஊதா நிறத்தில் எரியும் செடி லைட் வாங்கலாமா? பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சுகிறது என்பது உண்மை. ஆனால் பச்சை ஒளி வீணாவதில்லை. கீத் மெக்கிரீ என்ற ஆய்வாளர் 1972இல் 22 வகைப் பயிர்களின் இலைகளைச் சோதித்து, பச்சையிலும் ஒளிச்சேர்க்கை நன்றாகவே நடப்பதைக் காட்டினார். பச்சை ஒளி இலையின் ஆழத்துக்கும் இறங்குகிறது. நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில் மலையில் சாம்பல் பூஞ்சை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஊதா ஒளியில் இலை கருப்பாகத் தெரியும். ஓரம் மஞ்சளாவதோ, புள்ளி விழுவதோ கண்ணில் படாது. வெள்ளையே வாங்குங்கள். அதிலும் கடையில் கூல் டேலைட் என்று தரும் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்), நீலம் கூடுதலாக இருப்பதால் நாற்றை நீளவிடாது.

ஒன்றை மறக்கக் கூடாது: எல்இடி அறையைப் பெரிதாகச் சூடாக்காது. ஜனவரி உறைபனியில், 10 டிகிரி அறையில், இந்த இரண்டு டியூப்பை நம்பித் தக்காளி நகராது. அந்த மாதங்களில் லெட்டூஸோ கீரையோ விடலாம்.

லைட்டை இரவெல்லாம் விடுவதும் தப்பு. பகல் நீண்டுவிட்டதாக எடுத்துக்கொண்டு கொத்தமல்லி சீக்கிரம் பூத்துவிடும். சாமந்திக்கு நேர்மாறு: இரவு நீண்டால்தான் மொட்டு கட்டும், நடு இரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலே தள்ளிப்போடும். சாமந்தித் தொட்டி இருந்தால் அதை நாற்று அறையில் வைக்காதீர்கள்.