சோஜா: தலைமைக்கோயில் அல்ல, தொகைக்கோயில்

சோஜா (ஜப்பானியம், பெயர்ச்சொல்): பழைய ஜப்பானில் ஒரு மாகாணத்துக் கோயில்களின் தெய்வங்களை ஒரே இடத்தில் எழுந்தருளச் செய்து, மாகாணத் தலைநகரை ஒட்டி அமைத்த ஷின்டோ (ஜப்பானின் மரபுச் சமயம்) கோயில். தமிழில் தொகைக்கோயில். சூழல் புரியாத இடத்தில் ‘மாகாணத் தொகைக்கோயில்’ என்று எழுதலாம்.

தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘தலைமைக்கோயில்’ என்றுதான் முதலில் கை போகும். அது பிழை. எப்படிப் பிழை என்பது சொல்லின் பிறப்பைப் பார்த்தாலே விளங்கும்.

இது இரண்டு சீன எழுத்துகளால் ஆன சொல். முதல் எழுத்து ‘சோ’. அதன் இடப்பக்கம் நூலைக் குறிக்கும் உறுப்பு நிற்கிறது. பல நூல்களைச் சேர்த்து ஒன்றாகக் கட்டுவது என்பதே அதன் அடிப்படைப் பொருள். இதே எழுத்தை ‘ஃபுசா’ என்று வாசித்தால் குஞ்சம். ‘எல்லாம், மொத்தம்’ என்ற பொருள்கள் இதிலிருந்து வந்தவை. இரண்டாம் எழுத்து ‘ஷா’, கோயில். இதே எழுத்துக்குச் சீன ஒலியை விட்டுச் சொந்த ஜப்பானியச் சொல்லால் தரும் வாசிப்பு ‘யாஷிரோ’. ‘யா’ என்றால் வீடு, ‘ஷிரோ’ அதற்கென ஒதுக்கிய இடம். நிலையான கட்டடம் வருவதற்கு முன், தெய்வம் வந்து தங்குவதற்கென்று விட்டுவைத்த இடத்தின் நினைவு இந்தச் சொல்லில் இருக்கிறது. கோயிலுக்கு ஜப்பானியத்தில் இன்னொரு சொல் ‘மியா’. ‘மி’ உயர்வு குறிக்கும் முன்னொட்டு, ‘யா’ மறுபடியும் வீடு. அரண்மனைக்கும் கோயிலுக்கும் அது ஒரே சொல். கோ + இல் என்று பிரித்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

‘சோ’வும் ‘ஷா’வும் சேரும்போது ‘ஷா’ மெலிந்து ‘ஜா’ ஆகிறது. ‘பல்’ என்ற சொல்லில் வலிந்து ஒலிக்கும் பகரம் ‘அன்பு’ என்ற சொல்லில் மெலிவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா ஊரிலும் இப்படி ஆவதில்லை. ஒகாயாமா மாவட்டத்தில் சோஜா. ஹிமேஜி ஊர்க்காரர்கள் தங்கள் கோயிலைச் ‘சோஷா சான்’ என்கிறார்கள். இபராகியின் இஷியோகாவில் ‘சோஷாகூ’. எழுத்து ஒன்றே. ஆகவே தமிழில் எழுதும்போது அந்தந்த ஊர் உச்சரிப்பைப் பின்பற்றுவதே சரி.

இனி, ஏன் தொகுத்தார்கள் என்பது. பண்டைய ஜப்பான் 66 மாகாணங்களும் 2 தீவுகளுமாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் நாட்டின் தலைநகரிலிருந்து கொகுஷி என்ற ஆளுநர் வருவார். 757இல் நடைமுறைக்கு வந்த யோரோ சட்டத்தொகுப்பில் ஆளுநரின் கடமைகளை வரிசையாகச் சொல்லும் இடத்தில் முதலில் நிற்பது வரியோ படையோ அல்ல, கோயில்கள். பதவியேற்றவர் மாகாணத்துக் கோயில்களுக்கு முறைப்படி சென்று காணிக்கை செலுத்த வேண்டும். இந்தச் சுற்றுக்கு ‘ஜின்பாய்’ என்று பெயர். முதலில் இச்சினோமியா, அதாவது முதற்கோயில். அடுத்து நினோமியா, இரண்டாம் கோயில். அப்படியே வரிசை போகும். 927இல் எழுதி முடித்த எங்கிஷிகி என்ற அரசு விதித்தொகுப்பில் நாடு முழுவதற்குமான கோயில் பட்டியல் இருக்கிறது: 2,861 கோயில்கள், 3,132 தெய்வங்கள். தெய்வங்களை அதில் ‘ஸா’, அதாவது இருக்கை, என்ற அலகால் எண்ணியிருக்கிறார்கள். பட்டியலில் ஏறாத கோயில்கள் வேறு. மலையும் ஆறும் தாண்டி இத்தனை இடங்களுக்கும் போய்வருவது எளிதல்ல. அதனால் ஹெய்யான் காலத்தின் பிற்பகுதியில் (11–12ஆம் நூற்றாண்டுகள்), தெய்வங்களையே ஆளுநரின் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வரவழைக்கும் வழி பிறந்தது.

ஆளுநரின் சோம்பலுக்காகக் கட்டிய குறுக்குவழி என்று இதைச் சிரித்தபடி சொல்லிவிட்டுப் போவது வழக்கம். பாதிதான் உண்மை. சோஜா என்ற சொல் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இடம், இனாபா மாகாணத்துக்கு (இன்றைய தொத்தோரியின் கிழக்குப் பகுதி) ஆளுநராகப் போன தாய்ரா நோ தொகினோரி 1099இல் எழுதிய நாட்குறிப்பு. அவர் மாகாணத்துக்கு வந்ததும் சோஜாவுக்குப் போகிறார். சில நாள் கழித்து, அங்கே முதற்கோயிலான உபே கோயிலுக்கும் நேரில் சென்று காணிக்கை செலுத்துகிறார். சோஜா வந்ததால் சுற்று நின்றுவிடவில்லை. பதவியேற்புக்கும் பொது வழிபாட்டுக்கும் ஓர் இடம் கிடைத்தது என்று சொல்வதே பொருத்தம்.

ஒரு தெய்வம் இரண்டு இடத்தில் எப்படி இருக்கும்? ஷின்டோவில் இது சிக்கலே இல்லை. தெய்வத்தை வேறோர் இடத்துக்கு அழைத்து எழுந்தருளச் செய்வது ‘கன்ஜோ’, அப்படிப் பிரிந்து வரும் தெய்வக்கூறு ‘புன்ரெய்’. ஒரு சுடரிலிருந்து இன்னொன்றை ஏற்றினால் முதல் சுடர் குறைவதில்லை. மூலக்கோயில் அதே இடத்தில், அதே பூசையோடு தொடரும். இதைக் ‘கோஷி’யோடு போட்டுக் குழப்புவதும் உண்டு. பல தெய்வங்களை ஒரே கோயிலில் சேர்த்து வணங்குவதற்குப் பொதுப்பெயர் கோஷி. அந்த அளவில் சோஜாவும் ஒரு கோஷிதான். ஆனால் 1906க்குப் பிறகு மேய்ஜி அரசு நடத்திய கோயில் இணைப்புக்கும் அதே பெயர். அதில் ஏறத்தாழ 70,000 கோயில்கள் மூடப்பட்டன. பல இடங்களில் அவற்றின் தோப்புகளும் வெட்டப்பட்டன. மினகாத்தா குமகுசு என்ற இயற்கை ஆய்வாளர் அதை எதிர்த்துப் போராடினார். இரண்டையும் தமிழில் ‘இணைப்பு’ என்று எழுதினால், இருப்பதை விட்டுவைத்த வழக்கமும் இருந்ததை அழித்த ஆணையும் ஒன்றாகத் தெரியும்.

எத்தனை தெய்வங்களைத் தொகுத்தார்கள் என்பது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். பித்ச்சூ மாகாணத்தில் 324 கோயில்களின் தெய்வங்கள். ஒகாயாமாவில் இருக்கும் சோஜா நகரத்துக்குப் பெயர் தந்தது இந்தக் கோயில்தான். ஹிமேஜியில் உள்ள ஹரிமா மாகாணத் தொகைக்கோயிலில் 174 இருக்கைகள். இன்னொரு வகையில் எல்லாரையும் அழைக்காமல், முக்கியமான ஆறு கோயில்களோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு ‘ரொக்குஷோ’, ஆறிடம் என்று பெயர். தோக்கியோவின் ஃபுச்சூவில் உள்ள ஓகுனிதாமா கோயில் இந்த வகை. முசாஷி மாகாணத்தின் முதற்கோயில் முதல் ஆறாம் கோயில் வரை, வடக்கே மலையடிவாரத்துக் கனசனா, மேற்கே சிச்சிபு, தெற்கே யோகோஹாமா பக்கத்துச் சுகியாமா என்று திசைக்கொன்றாகக் கிடப்பவை, இங்கே ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. மே 5 இரவில் நடக்கும் குராயாமி திருவிழாவில் எட்டு மிகோஷிகள், அதாவது தோளில் சுமக்கும் தெய்வப் பல்லக்குகள், புறப்படுகின்றன. ஆறு கோயில்களுக்கு ஆறு, மூலவருக்கு ஒன்று, இன்னொன்று ‘கோர்யோ’ எனப்படும் ஆவித் தெய்வங்களுக்கு. பல்லக்கை எண்ணினாலே தொகை தெரியும்.

ஃபுச்சூ என்ற ஊர்ப்பெயரும் ஒரு துப்பு. ‘மாகாண அலுவலகத்துக்குள்’ என்று பொருள். ஃபுச்சூ, கொகுஃபு என்ற பெயர்கள் இருக்கும் இடத்தில் பழைய தொகைக்கோயில் பக்கத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

தலைமைக்கோயில் ஏன் கூடாது என்பதற்கு வருவோம். கனகாவா மாவட்டத்தின் ஓஇசோவில் ஒவ்வொரு மே 5ஆம் தேதியும் சகாமி மாகாணத்தின் பழைய கோயில்கள் ஒரு குன்றில் கூடுகின்றன. அங்கே ‘ஸாமொந்தோ’ என்ற சடங்கு. சமுகாவா கோயில்காரர் ஒரு புலித்தோலை மேலிருக்கைப் பக்கமாக விரிக்கிறார். காவாவா கோயில்காரர் தம் புலித்தோலை அதற்கு ஈடாக முன்னால் தள்ளுகிறார். வாய்ச்சொல் இல்லை. மூன்று முறை தோல்கள் முன்னே நகர்கின்றன. யார் முதற்கோயில், யார் இரண்டாம் கோயில் என்ற வழக்கு இது. கடைசியில் மூன்றாம் கோயிலான ஹிபிதாவின் பூசகர் “இஸுரே மியோநேன் மாதே” என்கிறார்: எதுவானாலும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம். அடுத்த ஆண்டும் இதே கதைதான். இந்தப் பந்தயத்தில் தொகைக்கோயிலான ரொக்குஷோ கோயில் தோல் விரிப்பதில்லை. தகுதி வரிசை முதற்கோயில், இரண்டாம் கோயில்களுக்கு உரியது. தொகைக்கோயில் இடம் கொடுக்கிறது, வரிசையில் நிற்பதில்லை.

உண்மையில் ‘தலைமைக்கோயில்’ பொருந்துவது ‘சோஹொன்ஷா’வுக்கு. ஒரே தெய்வத்துக்கு நாடெங்கும் இருக்கும் கோயில்களின் மூலத்தலம் அது. இனாரி என்ற தெய்வத்தின் எல்லாக் கோயில்களுக்கும் கியோத்தோவின் ஃபுஷிமி இனாரி அப்படி. அங்கே தெய்வம் ஒன்று, கோயில் பல. சோஜாவில் கோயில் ஒன்று, தெய்வம் பல. இரண்டு சொற்களுக்கும் முதலெழுத்து ஒன்று என்பதால்தான் இத்தனை தடுமாற்றம். பழைய பத்தாம் மாதத்தில் எல்லாத் தெய்வங்களும் இசுமோ என்ற ஊரில் கூடுவதாகச் சொல்லும் நம்பிக்கையும் வேறு. அது ஆண்டுக்கொரு முறை நடக்கும் கூட்டம், நிலையான குடியிருப்பு அன்று.

மற்ற தமிழ்ச் சொற்களையும் எடை போட்டுப் பார்க்கலாம். ‘பொதுக்கோயில்’ யாரும் நுழையலாம் என்ற பொருளைத் தரும். ‘கூட்டுக்கோயில்’ பங்காளிகள் சேர்ந்து கட்டியதுபோல் கேட்கிறது. ‘கோவை’ பொருளில் நெருக்கமான சொல்தான், ஆனால் ‘கோவைக்கோயில்’ என்றால் வாசகர் பேரூருக்கோ மருதமலைக்கோ போய்விடுவார். ‘தொகை’யில் அந்தத் தொல்லை குறைவு. பணத்தொகை நினைவுக்கு வரலாம், ஆனால் எட்டுத்தொகை என்று சொல்லும் மொழியில் அது பெரிய தடையல்ல. பல தலங்களின் பெயர்களைத் தொகுத்துச் சுந்தரர் பாடிய பதிகத்துக்கு ஊர்த்தொகை என்றே பெயர். நூல்களைச் சேர்த்துக் கட்டும் ‘சோ’வுக்கும் தொகு என்ற வினைக்கும் பொருள் அப்படியே ஒட்டுகிறது.

இரண்டாம் பாதியில் ‘ஆலயம்’, ‘கோயில்’ எது வந்தாலும் சரி. ஜப்பானின் பௌத்தத் தலங்களை மட்டும் அதே சொல்லால் குறிக்காமல், விகாரை என்று தனியே வைத்துக்கொண்டால் ஒரே பத்தியில் இரண்டும் வரும்போது முட்டாது. நகரத்தின் பெயராக வரும் சோஜாவை மொழிபெயர்க்க வேண்டாம். தொகைக்கோயில் நகரத்துக்கு யாரும் ரயில்சீட்டு எடுக்க முடியாது.